உப்புக்காற்றில் ஒரு கீரைப் பாத்தி: ராமநாதபுரம் கடலோரத்தில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு

"என் கைக்கு எந்தச் செடியும் பிழைப்பதில்லை" என்ற புலம்பலைத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரிலும் கேட்கலாம். கைராசியில் ஒன்றுமில்லை. நம் கடலோரத்தில் செடி கருகினால் பெரும்பாலும் காரணம் மூன்றுதான்: தண்ணீரில் உப்பு, காற்றில் உப்பு, தப்பான மாதம். உள்மாவட்டங்களை மனத்தில் வைத்து எழுதப்படும் தோட்டக் குறிப்புகள் இந்த மூன்றையும் கண்டுகொள்வதில்லை. அவற்றை நம்பி ஆடியில் தக்காளி நாற்று நட்டு, ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றி, ஆவணியில் காய்ந்த குச்சியைப் பிடுங்கிப் போட்டவர்கள் இங்கே நிறைய. எந்தச் செடி வைக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீர், எந்த மாதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் தண்ணீர்

உங்கள் வீட்டில் கிடைக்கிற தண்ணீர் ஒவ்வொன்றையும் தனித்தனி டம்ளரில் பிடித்து வையுங்கள். காவிரி கூட்டுக் குடிநீர் ஒன்று, கிணற்று நீர் ஒன்று, ஆழ்குழாய் நீர் ஒன்று, விலைக்கு வாங்கும் லாரித் தண்ணீர் ஒன்று. ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலே பாதி சேதி தெரிந்துவிடும். ஆனால் உவர்நீருக்குப் பழகிய நாக்கு ஏமாற்றும். தண்ணீரின் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. அதில் லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். 450 முதல் 2000 வரை என்றால் உப்பைத் தாங்கும் செடிகளாகப் பார்த்து வைக்க வேண்டும். 2000-ஐத் தாண்டினால் தோட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் குழாயை மறந்துவிடுங்கள்.

ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை கடலோரத்தில் தலைகீழாகிவிடுகிறது. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் அது உப்புநீருக்கு மேலே ஒரு படலமாக நிற்கிறது. கடல் இரண்டு பக்கமும் இருக்கும் தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டினாலே குடிக்கத் தகுந்த ஊற்று வருவது இதனால்தான். ஆழ்குழாய் அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு போய், கீழே கிடக்கும் உப்பை மேலே கொண்டுவருகிறது. உங்கள் வீட்டில் ஆழமில்லாத கிணறு இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். மோட்டாரை ஒரே மூச்சில் ஓடவிடாமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறையுங்கள். ஒட்ட இறைத்தால் அந்தக் கிணறும் உவர்ந்துவிடும்.

வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் தண்ணீரில் அரிசி, பருப்பு, காய்கறி கழுவியது எல்லாம் செடிக்கு ஆகும். ஏசி எந்திரத்திலிருந்து சொட்டுவதில் உப்பே கிடையாது, ஒரு வாளியை வைத்துப் பிடியுங்கள். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் மட்டும் ஆகாது. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அதில்தான்.

மீன் கழுவிய தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கறிவேப்பிலைத் தூரில் அதைக் கொட்டுவது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம். ஆனால் கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவுகிறோமே, அந்தத் தண்ணீர் செடிக்கு விஷம். செதிலும் குடலும் எடுத்த பிறகு உப்புப் போடாமல் அலசுகிற முதல் தண்ணீரைத் தூருக்கு ஊற்றுங்கள். உப்புப் போட்டு உரசிய பிறகு வருவதைச் சாக்கடைக்கு விடுங்கள். உப்பு ஏறிய கறிவேப்பிலையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். அடியில் உள்ள முதிர்ந்த இலைகளின் ஓரம் முதலில் பழுப்பாகக் கருகும். நடு இலை பச்சையாகவே இருக்கும். பிறகு ஈர்க்கோடு உதிரும். தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் உரம் போடுகிறவர்கள் உண்டு. ரசாயன உரமும் ஒருவகை உப்புதானே.

ஊற்றும் முறையும் முக்கியம். உவர்நீரைத் தினமும் கையளவு தெளித்தால் நீர் ஆவியாகிப் போய், உப்பு மட்டும் வேரில் தங்கும். ஊற்றினால் தொட்டியின் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். பிறகு மேல்மண் விரலுக்கு உலர்ந்ததாகத் தெரியும்வரை விட்டுவிடுங்கள். இலையில் படாமல் தூரில் மட்டும் விடுங்கள். குடிநீர் வருகிற நாளில் ஒரு முறை அந்த நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடியவிட்டால், சேர்ந்த உப்பில் பெரும்பங்கு கழுவிக்கொண்டு போய்விடும்.

காற்றுக்கு ஒரு தடுப்பு

பழைய பாம்பன் ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தவரை, அங்கே காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ரயிலுக்கே அந்தப் பாடு என்றால் வெண்டைச் செடி எம்மாத்திரம். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று மணலையும் உப்பையும் வாரி அடிக்கும். மழைக்காலத்தில் வாடைக்காற்று. எனவே தோட்டத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் நிரந்தரமாக ஒரு தடுப்பும், வடகிழக்கில் மழைக்காலத்துக்கு மட்டும் ஒன்றும் வேண்டும்.

சுவர் எழுப்பிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். முழுச்சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கிச் செடியை முறிக்கும். இடைவெளி உள்ள தடுப்புதான் காற்றின் வேகத்தைக் குறைக்கும். பனைமட்டை வேலி, கிடுகு, இரண்டடுக்காகக் கட்டிய பழைய மீன்வலை எல்லாம் நன்றாக வேலை செய்யும். மொட்டை மாடியில் வைக்கிறவர்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டிகளை நெருக்கமாக அடுக்குங்கள். பலமான கடற்காற்று வீசிய மறுநாள் காலையில் இலைகளின் மேல் நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

எந்த மாதம்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்கிறது பழமொழி. தென்மேற்குப் பருவமழை எட்டுகிற ஊர்களுக்கு அது சரி. நமக்கு ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 800 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இந்தக் கணக்கைத் தெரிந்து பயிர் செய்கிறவர்கள் நம் மிளகாய்க்காரர்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயை அவர்கள் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் மானாவாரியாக விதைக்கிறார்கள், தை, மாசியிலிருந்து பழம் எடுக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் இதைவிட நல்ல நாட்காட்டி கிடையாது.

அதாவது, ஆவணியில் மண்ணையும் தடுப்பையும் தயார் செய்யுங்கள். புரட்டாசி நடுவில் விதை போடுங்கள். ஐப்பசி மழை வருமுன் செடி வேர் பிடித்திருக்க வேண்டும். அடைமழையில் விதைத்தால் விதை அழுகும், அல்லது வாய்க்காலோடு போகும். மார்கழி தொடங்கி மாசி வரை தோட்டத்துக்குப் பொற்காலம். கொத்தமல்லி, தக்காளி, பாலக், வெந்தயக்கீரை எல்லாம் அப்போதுதான். பங்குனி பிறந்ததும் நிழல்வலை கட்டிவிட்டு, வெயில் தாங்கும் நாலைந்தை மட்டும் காப்பாற்றினால் போதும்.

மண்

கடற்கரை மணலை அள்ளிவந்து தொட்டியில் நிரப்பாதீர்கள். அதில் உப்பும் உண்டு, சிப்பித்தூளின் சுண்ணாம்பும் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். வீட்டைச் சுற்றி உமரி தானாக முளைத்துக் கிடந்தால் அந்த இடம் உவர்நிலம் என்று அர்த்தம். அங்கே தரையில் நடாமல் தொட்டிக்கோ பைக்கோ போய்விடுங்கள்.

தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. கட்டியாக வாங்கி நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஒருமுறை அலசிய பிறகே கலக்குங்கள். எருவுக்கு நம் பக்கம் ஆட்டுப்புழுக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சையாகப் போட்டால் சூடு தாங்காமல் நாற்று கருகும். மட்கவிட்டு, நொறுக்கிப் போடுங்கள். தரையில் பாத்தி போடுகிறவர்கள், மணலாக இருந்தால், கண்மாயில் எடுத்த கரம்பை மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பிக் கொத்திவிடுங்கள். மணலில் நிற்காத தண்ணீரும் சத்தும் கரம்பையில் நிற்கும். பாத்தியை வழித்தடத்தைவிட அரையடி உயர்த்திக் கட்டினால் கார்த்திகை மழையில் மூழ்காது.

மேலே மூடாக்கு அவசியம். பனையோலைத் துண்டு, தென்னஞ்சருகு, வைக்கோல் எது கிடைத்தாலும் போடலாம். சீமைக்கருவேல இலைச்சருகை மட்டும் விதைப்பாத்தியில் போடாதீர்கள், அதில் ஊறும் பொருள் முளைப்பைக் கெடுக்கும்.

பைக்குப் பணம் செலவழிக்கும் முன் மீன் இறங்குதளத்தில் விசாரித்துப் பாருங்கள். உடைந்தும் ஓரம் பெயர்ந்தும் கிடக்கும் தெர்மாகோல் ஐஸ் பெட்டிகள் கீரைக்கு அருமையான பாத்திகள். நன்றாகக் கழுவி, அடியில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டால் போதும். வெயிலில் மண் சூடேறாது என்பது கூடுதல் லாபம்.

எதில் தொடங்குவது

கீரையில் தொடங்குங்கள். வேறு எதிலும் தொடங்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். முளைக்கீரை விதைத்த நாலாம் நாள் முளைக்கும், 25 நாளில் குழம்புக்கு வரும். அவ்வளவு சீக்கிரம் பலன் பார்த்தவர் தோட்டத்தை விடமாட்டார். விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு கரண்டி விதைக்கு நாலு கரண்டி உலர்ந்த மணல் கலந்து, பாத்தி முழுவதும் தூவி, மேலே விரலால் லேசாகக் கிளறிவிடுங்கள். ஆழமாக மூடினால் முளைக்காது. பூவாளியால் தெளியுங்கள், குழாயை நேராகத் திறந்துவிட்டால் விதை ஓரத்தில் போய்ச் சேரும். பெரும்பாலும் முளைக்காமல் போவதற்குக் காரணம் எறும்பு. இரவோடு இரவாக விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றிவைத்துச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். மழையில் சாம்பல் கரைந்தால் மறுபடியும் தூவ வேண்டும்.

முளைக்கீரையைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும், அதனால் ஒரு பெட்டி அரைக்கீரைக்கு ஒதுக்குங்கள். உவர்நீர் மட்டும்தான் வழி என்றால் பருப்புக்கீரை, பாலக் இரண்டும் ஓரளவு உப்பைச் சமாளிக்கும். பருப்புக்கீரையை விதைக்க வேண்டியதுகூட இல்லை, சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டு இரண்டை மண்ணில் சொருகினால் போதும். வெந்தயக்கீரைக்கு அஞ்சறைப்பெட்டி வெந்தயமே விதை. ஓர் இரவு ஊறவைத்துத் தூவுங்கள், மணற்பாங்கான மண்ணிலும் நன்றாக வரும்.

காய்களில் முதல் இடம் கொத்தவரைக்கு. கசக்கும் என்று பலர் ஒதுக்கும் காய். ஆனால் உப்பையும் வறட்சியையும் இதைப்போலத் தாங்கும் காய்ச்செடி வேறொன்றைத் தேடுவது கடினம். பிஞ்சிலேயே பறித்தால் கசப்பும் நாரும் இருக்காது. தேங்காய்ப் பொரியல் செய்தால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். அடுத்தது தட்டைப்பயறு. இரண்டுமே அவரைக் குடும்பம், அவற்றின் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும். காய்ப்பு முடிந்ததும் பிடுங்காமல் தரையோடு வெட்டிவிடுங்கள்.

வெண்டைக்கு ஓரளவு நல்ல தண்ணீர் வேண்டும். விதையை இரவில் ஊறவைத்து, நேரடியாக நட வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது அதற்குப் பிடிக்காது. 45 நாளில் காய்க்கும், ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், மறந்தால் முற்றிவிடும். மிளகாய்க்கு வீட்டில் இருக்கும் முண்டு வற்றலில் பழுதில்லாத ஒன்றை உடைத்து விதை எடுக்கலாம். ஊர் மண்ணுக்குப் பழகிய ரகம் கையில் இருக்கும்போது கலப்பின விதை தேவையில்லை. கத்தரியும் தக்காளியும் நாற்று வாங்கி மார்கழியில் நடுங்கள். பீர்க்கையும் பாகலும் பழைய நைலான் வலையில் தாமாக ஏறும், தனிப்பந்தல் தேவையில்லை.

பீன்ஸும் கேரட்டும் முதல் ஆண்டு வேண்டாம். உப்பைக் கண்டால் துவளும் பயிர்கள், அதிலும் பீன்ஸுக்கு நம் வெயிலும் ஆகாது.

மூலிகைகளில் கற்பூரவல்லியைக் கொல்வதற்கு ஒரே வழி அதிகத் தண்ணீர். ஒரு கிளையைக் கிள்ளி நட்டுவிட்டு மறந்துவிடுங்கள். துளசியும் கற்றாழையும் அப்படியே. புதினா வேறு மாதிரி. கடையில் வாங்கிய கட்டில் வேர்க்கணு உள்ள தண்டுகளைப் பொறுக்கி, அகலத் தொட்டியில் படுக்கவைத்து மண் போட்டு, பாதி நிழலில் வையுங்கள். அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும், தனித்தொட்டியும் வேண்டும். மற்றச் செடியோடு வைத்தால் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடையும்படி லேசாகத் தேய்த்து விதையுங்கள். வெயில் ஏறினால் இலை விடாமல் பூத்துவிடும், ஆகையால் மாசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரையில் இடம் இருந்தால் ஒரு முருங்கை கட்டாயம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதையிலிருந்தே ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். நெட்டையாக வளரவிட்டால் முதல் புயற்காற்றிலேயே முறியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும். கொத்துக் கொத்தாக இருக்கும்போதே தீப்பந்தம் காட்டியோ சோப்புநீர் அடித்தோ அழித்துவிடுங்கள்.

மீன்கழிவு உரமும் பூனையும்

தலையும் குடலும் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் உரத்துக்கு ஏன் காசு? உப்புப் படாத மீன்கழிவு ஒரு கிலோ, நாட்டுச் சர்க்கரை அல்லது வெல்லம் ஒரு கிலோ, இரண்டையும் பிளாஸ்டிக் வாளியில் பிசைந்து, காற்றுப் புகாமல் மூடி நிழலில் வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் தேன்போல ஒரு திரவம் வரும், நாற்றமும் அடங்கியிருக்கும். வடிகட்டி, லிட்டருக்கு 10 மில்லி என்ற அளவில் கலந்து, மாலையில் தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவு இதற்கு ஆகாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் கழிவைச் செடியடியில் புதைத்தால் அன்று இரவே பூனையும் நாயும் தோண்டிச் செடியோடு எடுத்துவிடும்.

கரையில் ஒதுங்கும் கடற்புல்லை மூடாக்காகப் போடலாமா என்று கேட்கிறார்கள். தானாக ஒதுங்கியதை மழையிலோ நல்ல தண்ணீரிலோ பலமுறை அலசி உப்புப் போனபிறகு மட்கவைத்தால் நல்ல எரு. கடலில் இறங்கிப் பறிக்கக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி இருப்பது தேசியப் பூங்கா.

பூச்சிக்கு, லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்புறம் நனையும்படி அடியுங்கள். மாவுப்பூச்சி, அசுவினி இரண்டுக்கும் இது போதும். வெண்டை இலை மஞ்சள் தேமலாகிவிட்டால் மருந்து கிடையாது, பிடுங்கி எரித்துவிடுங்கள். இதையெல்லாம்விடப் பெரிய பூச்சி ஆடு. வேலியில் ஒரு முழம் இடைவெளி கிடைத்தால் போதும், இரண்டு மாத உழைப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துபோகும்.

மண்ணிலோ தண்ணீரிலோ சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது.

கடைசியாக விதை. நல்ல அரைக்கீரைச் செடி இரண்டு, நேரான கொத்தவரை ஒன்று, நன்றாகப் பழுத்த மிளகாய் நாலைந்து என்று பங்குனியில் ஒதுக்கி, முற்றவிட்டு விதை எடுங்கள். கடலோர ஈரக்காற்றில் காகிதப் பொட்டலத்து விதை ஆறு மாதம் தாங்காது, பூஞ்சணம் பிடித்துவிடும். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பலோடு கலந்து, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வையுங்கள். பாட்டிலின் மேல் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். கீரை விதைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.